வட்டத்துக்குள் புள்ளி

உமாராணி டீச்சர் சாரணியர் படைக்குப் பொறுப்பாளர் ஆனது அவள் கேட்டு நடந்த காரியம் இல்லை. அந்த வேலையை வெகுகாலம் பார்த்துவந்த உடற்கல்வி டீச்சர் ஓய்வுபெற்றுப் போனபிறகு, பள்ளிக்கூடத்தில் அதற்கு ஆளில்லாமல் இருந்தது. தலைமையாசிரியை கிருபாபாய் ஒரு மத்தியானம் அவளை அறைக்குக் கூப்பிட்டு, நீல அட்டை போட்ட ஒரு கையேட்டை மேஜைமேல் நகர்த்தி வைத்தார். கணக்கு டீச்சர் எடுத்தால் எதுவும் ஒழுங்காக நடக்கும் என்றார். உமாராணிக்கு மறுக்கத் தோன்றவில்லை. யாரிடமும் எதையும் மறுக்கிற தெம்பு அந்த வருஷம் அவளுக்கு இல்லை.

போன தை மாதத்திலிருந்து அவள் டவுனுக்குள் டூவிபுரத்தில் அண்ணன் சங்கரபாண்டியன் வீட்டில் இருந்தாள். கணவன் வேல்ராஜுக்கு முள்ளக்காட்டில் வீடும் கடையும். சுற்றிலும் இருக்கிற உப்பளங்களுக்கு வேண்டிய மோட்டார், பைப்பு, வாஷர் எல்லாம் அந்தக் கடையில்தான் வாங்குவார்கள். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், யாரோ ஒருவருக்கு வேல்ராஜ் புதுசு என்று சொல்லி ஒரு பம்பைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, இது ரிப்பேராகித் திரும்பி வந்ததல்லவா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். வேல்ராஜ் எழுந்து வந்தான். கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தான். அதற்கு முன்னால் அவன் கை நீட்டியதே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவளால் அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் மகள் சுஜிதாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அண்ணனும் மதினி முத்துக்கனியும் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அண்ணன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். நாலு பேர் முன்னால் அடித்தவன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தப்பு என்று சொல்லவேண்டும், பிறகுதான் மற்றப் பேச்சு என்றார். சித்திரையில் ஒருதடவை வேல்ராஜ் தனியாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். அண்ணன் அங்கேயே பேசி அனுப்பிவிட்டார். உமாராணி அடுக்களையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாளே தவிர, வெளியே வரவில்லை. மாடியிலிருந்து சுஜிதா பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வாரமே வேல்ராஜ் நம்பரைப் போனில் தடுத்து வைத்தாள்.

சுஜிதா எட்டாம் வகுப்பு, அம்மா வேலைபார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே. என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. எப்பம்மா வீட்டுக்குப் போவோம் என்று அவள் கேட்கும்போதெல்லாம், அடுத்த மாசம் என்று உமாராணி சொல்லிவந்தாள். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. பிள்ளை கேட்பதைக் குறைத்துக்கொண்டது. அதை உமாராணி, பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாள்.

கையேடு வந்தபிறகு அம்மாவும் மகளும் சாயங்காலங்களில் மொட்டைமாடிக்குப் போனார்கள். துணி காய்கிற கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான பக்கங்களைப் படித்தார்கள். மூன்று விரலை நிமிர்த்தி வணக்கம் வைப்பது, இடதுகையால் கை குலுக்குவது, இரண்டு கயிற்றை இணைக்கிற முடிச்சு. சுஜிதா வாசிக்க வாசிக்க உமாராணி கொடிக்கயிற்றில் முடிச்சுப் போட்டாள். இழுத்தால் ஒவ்வொரு தடவையும் அவிழ்ந்துவிடும். "மேல போனது கீழ வரணும்மா, நீ ரெண்டு தடவயும் மேலயே போடுத" என்று மகள் சொல்லித்தர, கடைசியில் முடிச்சு நின்றது. இரண்டுபேரும் இடதுகையை நீட்டிக் கை குலுக்கிக்கொண்டார்கள். பழக்கமில்லாத கை என்பதால் விரல்கள் தப்புத்தப்பாக மாட்டின. வெகுநாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது.

அடுத்த பக்கத்தில் சாரணியர் விதிகள். முதல் விதியை வாசித்துவிட்டு சுஜிதா நிமிர்ந்தாள்.

"நம்பத்தகுந்தவர்னா, சொன்னா சொன்னபடி செய்யணும், அதானம்மா?"

ஆமா என்றாள் உமாராணி. பிள்ளை வேறு எதுவும் கேட்காமல் பக்கத்தைத் திருப்பியது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று உமாராணி அன்றைக்கு யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு வேன் கொள்ளுகிற அளவுக்குப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். சனிக்கிழமைதோறும் வகுப்பு. முடிச்சு அவர்களுக்குச் சீக்கிரம் சலித்துவிட்டது. வழிக்குறிப் பாடம்தான் பிடித்துப்போனது. முன்னால் போகிறவர்கள் கல்லையும் குச்சியையும் வைத்துத் தரையில் குறி போட்டுக்கொண்டே போகவேண்டும், பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தேடி வரவேண்டும். அம்பு போட்டால் இந்த வழி போ. பெருக்கல் குறி போட்டால் இந்த வழி வேண்டாம். ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தால், நான் வீட்டுக்குப் போய்விட்டேன், தேடுவதை நிறுத்து என்று அர்த்தம். ஆட்டத்தின் கடைசிக் குறி அது.

இதைத் திறந்த வெளியில்தான் பழகவேண்டும் என்று கையேடு சொன்னது. வேன் ஓட்டுகிற பாஸ்கல் அண்ணன் இடம் சொன்னார். திருச்செந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால், உப்பளத்தை ஒட்டி உடைமரங்கள் நிற்கிற பொட்டல் ஒன்று உண்டு, பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிற இடம், வண்டி உள்ளேவரை போகும் என்றார். அங்கிருந்து தெற்கே பார்த்தால் முள்ளக்காட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியும் என்பது உமாராணிக்குத் தெரியும். மனசு கொஞ்சம் தயங்கியது. பொட்டல் வேறு, ஊர் வேறு, நடுவில் அவ்வளவு உப்பளம் கிடக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து முதல் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனார்கள். உப்பளத்தில் அந்த வருஷத்து வேலை முடிகிற சமயம். பாத்திகளில் உப்பு வாரி முடித்து, நடுவே உயர்ந்து கிடக்கிற தட்டுமேடுகளில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து, மழைக்கு முன்னால் தார்ப்பாயும் ஓலையும் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் நின்றன. காற்று நின்றுபோயிருந்தது. கிழக்கே கடலுக்கு மேல் ஈயம் பூசினாற்போல ஒரு நிறம். சாயங்காலம்வரை தாங்கும் டீச்சர் என்றார் பாஸ்கல்.

குறி போட முன்னால் போக வேண்டிய ஜோடிக்குச் சீட்டு எடுத்தார்கள். சுஜிதாவும் ஜான்ஹவியும் வந்தார்கள். ஜான்ஹவி ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை. அவள் அப்பா யதிராஜன் பேங்கில் வேலைபார்த்தார். அளத்துக்குள் இறங்கக்கூடாது, பொட்டலையும் உடங்காட்டையும் விட்டு வெளியே போகக்கூடாது என்று உமாராணி இரண்டு தடவை சொன்னாள். ஸ்கார்ஃப் முனையை இழுத்துவிட்டுக்கொண்டே சுஜிதா தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஏனோ அம்மாவிடம் இடதுகையை நீட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டு, உமாராணி அதை லேசாகத் தொட்டுவிட்டு விட்டாள்.

அவர்களை முன்னால் விட்டு, கொஞ்சநேரம் கழித்து மற்றவர்கள் கிளம்பினார்கள். முதல் அம்பு வண்டித் தடத்திலேயே இருந்தது. இரண்டாவது ஒரு உடைமரத்தடியில். பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் மாதிரி குனிந்து குனிந்து ஓடினார்கள். ஒரு பெருக்கல் குறியைப் பார்த்துத் திரும்பி, அடுத்த அம்பைக் கண்டுபிடித்து, காட்டின் மறுஓரத்துக்கு வந்தபோது, ஜான்ஹவி மட்டும் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். உன் காலில் முள் ஏறிவிட்டது, அதனால் நீ இங்கேயே நில், கடைசிக் குறியை நான் போட்டுவிட்டு வருகிறேன் என்று சுஜிதா சொல்லிவிட்டுப் போனாளாம்.

கடைசிக் குறி கொஞ்சம் தள்ளி இருந்தது. காடு முடிந்து அளத்தின் முதல் வரப்பு தொடங்குகிற இடத்தில், சிப்பி ஓடுகளை அடுக்கி ஒரு வட்டம். நடுவில் ஒரு வெள்ளைக் கல். அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. பிள்ளைகள் கண்டுபிடிச்சாச்சு என்று கூத்தாடினார்கள். உமாராணியும் கைதட்டினாள். சுஜி, வெளிய வா, ஆட்டம் முடிஞ்சிட்டு என்று குரல் கொடுத்தாள். மரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

யாரும் வரவில்லை. பிள்ளைகள் பிரிந்து போய் ஒவ்வொரு மரத்தடியாகப் பார்த்தார்கள். கைதட்டல் நின்றது, பேச்சு நின்றது. உமாராணி குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தாள். வரப்பின் ஈரக் களிமண்ணில் செருப்புத் தடம் ஒன்று தெற்கே பார்த்துப் போயிருந்தது. நிமிர்ந்தாள். வெள்ளைவெளேரென்று கிடந்த பாத்திகளுக்கு அப்பால், முள்ளக்காட்டுத் தண்ணீர்த்தொட்டி கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது.

ஆட்டத்துக்காகப் போட்ட குறி இல்லை அது. பிள்ளை உண்மையாகவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

ஜான்ஹவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அவ பொய் சொல்லல மிஸ், நான்தான் சொன்னேன். 'நான் வீட்டுக்குப் போறேன், நீ யாருட்டயும் உடனே சொல்லாத'ன்னா. நான் டூவிபுரம்னு நெனச்சேன்."

அந்த நேரத்தில்தான் கிழக்கே முதல் இடி கேட்டது.

அளத்தில் இடி என்றால் என்னவென்று முள்ளக்காட்டில் குடித்தனம் செய்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரமோ வீடோ இல்லாத வெட்டவெளி. நிற்கிற ஆள்தான் அங்கே உயரமான பொருள். அதோ, தூரத்துத் தட்டுமேட்டில் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டபடி போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். மகள் போன திசையில் அப்படியே ஓடவேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் இத்தனை பிள்ளைகள் அவளை நம்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். உமாராணி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரையும் வேனுக்குத் திருப்பி நடத்தினாள். வேன் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஏற்றினாள். அந்தக் கொஞ்சநேரம் அவளுக்கு ஒரு யுகமாகப் போனது.

கிருபாபாய்க்குப் போன் போட்டு, என் மகளைக் காணவில்லை, பிள்ளைகளை அனுப்புகிறேன் என்றாள். சுற்றி வளைக்கவில்லை. "புள்ளைகள நான் கேட்ல நின்னு எறக்கிக்கிடுதேன். நீ போய் ஒன் புள்ளயத் தேடு. மத்தத பொறவு பேசலாம்" என்றார் அவர். பாஸ்கல், இறக்கிவிட்டு உடனே திரும்பி வருகிறேன் டீச்சர் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அடுத்த நம்பர்தான் கஷ்டமாக இருந்தது. தடுத்து வைத்ததை எடுத்துவிட எங்கே தட்டவேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. ஒரே மணியில் வேல்ராஜ் எடுத்தான். ஹலோ என்றுகூடச் சொல்லாமல், சுஜி அங்கே வந்தாளா என்று கேட்டாள்.

"இல்லியே. எங்கன இருக்க நீ? என்ன ஆச்சு?"

சொன்னாள். எந்த அளம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் அவன் கேட்டான். அந்த வழியில் நடுவில் இரண்டு வாய்க்கால் இருக்கிறது, மோட்டார் தண்ணீர் வருகிற ஆழமான வாய்க்கால் என்றான். பிறகு அவன் வெறுங்காலோடு ஓடுகிற சத்தமும், வண்டியை உதைக்கிற சத்தமும் கேட்டது. போன் அணைந்தது.

உமாராணி சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கினாள். எதிரே வந்த அளத்துப் பெண்களில் ஒருத்தி, ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளையா என்று கேட்டாள். கொஞ்சம் முன்னால் தட்டுமேட்டுப் பக்கம் வந்து தண்ணீர் கேட்டதாம். தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த நீராகாரத்தைக் கொடுத்தாளாம்.

"எங்க போறேன்னு கேட்டேன். எங்க வீட்டுக்குன்னுச்சு. வாய்க்கால்ல பாலமாப் போட்ட பனந்தடி ஆடும், பாத்துப் போன்னு சொன்னேன். நீ இப்ப போவாதம்மா, இடி கெடந்து உருளுது."

உமாராணி நிற்கவில்லை. மழை முதலில் ஒரு திரையாகக் கடல் பக்கமிருந்து வந்தது. அம்பாரங்களின் தார்ப்பாயில் அடித்து, பிறகு அவள்மேல் அடித்தது. வரப்புக் களிமண் சோப்பு மாதிரி வழுக்கியது. ஒரு செருப்பு சகதியில் மாட்டிக்கொண்டது, இன்னொன்றை அவளே உதறினாள். பாதத்தில் உப்புக் கல் குத்திக் கிழித்து, கிழித்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் உட்கார்ந்து எழுந்தாள். சுஜி, சுஜி என்று கூப்பிட்டாள். மழை அந்தச் சத்தத்தை வாயருகிலேயே அமுக்கிவிட்டது. எத்தனை தடவை அந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்போது என்று கேட்டது, எத்தனை தடவை தான் கூசாமல் பதில் சொன்னோம் என்பது மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாய்க்கால் கரைக்கு வந்தபோது பனந்தடிப் பாலத்தைக் காணோம். தடி தண்ணீரில் விழுந்து ஒரு ஓரமாக மிதந்தது. அவள் அப்படியே உறைந்து நின்றுவிட்டாள். தண்ணீர் கலங்கி, நுரைகட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதில் என்ன கிடக்கிறது என்று பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அம்மா."

சத்தம் எதிர்க்கரையிலிருந்து வந்தது. இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவில் ஒரு தட்டுமேடு. பாதி மூடிய உப்பு அம்பாரத்தின் ஓரத்தில், தார்ப்பாய்க்குக் கீழே குன்னிக்கொண்டு சுஜிதா உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கிய உடனே தடி உருண்டு தண்ணீரில் விழுந்திருக்கிறது. அடுத்த வாய்க்காலில் தடியே இல்லை. வேலை முடிந்தது என்று எடுத்துவிட்டார்கள். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது பிள்ளை. நீச்சல் தெரியாது. இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

தெற்குப் பக்க வரப்பில் வேல்ராஜ் ஓடி வந்துகொண்டிருந்தான். வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடி வந்தான். உமாராணியைப் பார்த்ததும் கையை வீசினான்.

"எறங்காத. நான் வாரேன். சகதி இழுத்துரும்."

அவன் அந்தப் பக்கத்து வாய்க்காலில் குதித்து நீந்தித் தட்டுமேட்டில் ஏறுவதைப் பார்த்தாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் பிள்ளை அங்கே இருக்கிறது. இறங்கிவிட்டாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. அடியில் சகதி ஒரு காலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. பெலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள், இன்னொரு கால் இறங்கியது. வாய்க்குள் உப்புத் தண்ணீர் போயிற்று. வேல்ராஜ் கரை ஓரம் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவள் கை போகவில்லை. வேல்ராஜுக்கு அது புரிந்துவிட்டது. எழுந்து போய்த் தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை அவள் பக்கம் வீசினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி வந்தாள்.

மூன்று பேரும் தார்ப்பாய்க்குள் ஒடுங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் உப்பு கரைந்து வழிந்துகொண்டிருந்தது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கை கால் தலை எல்லாம் தடவிப் பார்த்தாள் உமாராணி. முழங்காலில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் பிள்ளையின் தலையைச் சேலை முந்தியால் துவட்டினாள்.

"நான் ஒண்ணும் ஓடிப்போகல. குறி போட்டுட்டுத்தான வந்தேன்" என்றாள் சுஜிதா. பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

"பாத்தேன்."

"முத்துக்கனி அத்தை நேத்து போன்ல பேசிட்டு இருந்தாவ. இன்னும் எத்தன நாளைக்கு இங்க கெடப்பாவன்னு தெரியலன்னாவ. நீ அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லுத. எது என் வீடுன்னு எனக்கு யாருமே சொல்ல மாட்டேங்கிய."

வேல்ராஜ் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "ஒன் வீடு அங்கனதான இருக்கு. மழ விடட்டும், போவோம்" என்றான்.

"அம்மாவும் வருவாளா?"

இடி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. சுஜிதா அப்பா பக்கம் திரும்பினாள். அவள் குரல் சின்னதாக இருந்தது, ஆனால் தயங்கவில்லை.

"அப்பா, நீங்க அம்மாவ அடிச்சீங்களா?"

கடையில் ஆள் நின்றது, ஏதோ ஆத்திரம் என்று வேல்ராஜ் தொடங்கினான். பிள்ளை பார்வையை எடுக்கவில்லை. அவன் நிறுத்திவிட்டான்.

"அடிச்சேன்."

"அம்மா பொய் சொன்னாளா?"

"இல்ல. பழைய பம்புதான் அது. அவ சொன்னது உண்ம." பிறகு அவன் உமாராணியைப் பார்க்காமலே அவளிடம் பேசினான். "தப்புன்னு சொல்லணும்னுதான் சித்திரையில வந்தேன். நாலு பேரக் கூட்டிட்டு வந்து சொல்லுன்னாரு ஒங்க அண்ணன். நாலு பேர் முன்னால அடிக்கதுக்குக் கை வந்திச்சு, நாலு பேர் முன்னால சொல்லதுக்கு வாய் வரல. பம்பு வாங்கினவன்ட்ட அன்னைக்கே திருப்பி வாங்கிட்டேன். ஒன்ட்ட சொல்லத்தான் முடியல."

உமாராணி கேட்டுக்கொண்டிருந்தாள். பல மாதமாக இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தோம் என்று அவள் நினைத்திருந்தாள். வந்துவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் இருந்த கல் சற்று நகர்ந்ததே தவிர, இறங்கவில்லை. கடை வாசலில் நின்ற முகங்கள் இன்னும் அப்படியே இருந்தன. வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டால் இந்த நேரத்தில் எல்லாம் சுலபமாக முடியும். பிள்ளை சிரிக்கும். அதற்காக ஒன்றைச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

"கேட்டுக்கிட்டேன்" என்றாள் வேல்ராஜிடம். "ஆனா இப்ப நான் அங்க வரல. எனக்கு இன்னும் மனசு ஆறல."

அவன் தலையாட்டினான்.

அவள் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "அடுத்த மாசம்னு நான் சொன்னதெல்லாம் பொய், சுஜி. எனக்கே ஒண்ணும் தெரியல, அதான் அப்படிச் சொல்லிட்டேன். இனிமே தெரியாதத தெரியாதுன்னே சொல்லுதேன். தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. மாமா வீட்டுல நாம இனிமே இருக்கப் போறதில்ல. நமக்குன்னு ஒரு வீடு பாக்கேன். அதுதான் ஒன் வீடு. அப்பாவ எப்ப பாக்கணும்னாலும் நீ பாக்கலாம். அதுக்கு நீ இப்படி வாய்க்கால்ல எறங்க வேண்டாம்."

அம்மா சொல்வதை எடைபோட்டுப் பார்ப்பதுபோல இருந்தது சுஜிதாவின் பார்வை. பிறகு உமாராணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அதுவரை அழாத பிள்ளை, உடம்பெல்லாம் குலுங்க அழுதது.

மழை கொஞ்சம் வெறித்ததும் வேல்ராஜ் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வடக்கு வாய்க்காலைத் தாண்டினான். அக்கரையில் நட்டிருந்த ஒரு கல்லில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவளிடம் வீசினான். உமாராணி அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பொட்டலில் பாஸ்கல் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வேல்ராஜ் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, வண்டி திரும்பும்வரை அங்கேயே வெறுங்காலோடு நின்றான்.

திங்கட்கிழமை பெற்றோர்கள் வந்தார்கள். யதிராஜன் சத்தம் போடவில்லை. ஆனால் துருவித் துருவிக் கேட்டார்: இடி மழைக் காலத்தில் ஏன் கூட்டிப்போனீர்கள், துணைக்கு இன்னொரு டீச்சர் ஏன் இல்லை. உமாராணி எதற்கும் சாக்குச் சொல்லவில்லை, தப்பு தன்னுடையது என்றாள். கையேட்டை மேஜைமேல் வைத்து, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று கிருபாபாயிடம் சொன்னாள். அவர் அதைக் கையில் எடுத்துச் சற்றுநேரம் புரட்டினார். மழைக்காலம் முடிகிறவரை பள்ளி மைதானத்தைத் தாண்டக்கூடாது, இனிமேல் இரண்டு டீச்சர் இல்லாமல் எங்கும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, அதை அவளிடமே திருப்பித் தந்தார். அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர்தான் வந்தார்கள். ஜான்ஹவி வந்திருந்தாள்.

வீடு கிடைப்பது அவ்வளவு லேசாக இல்லை. புருஷன் எங்கே என்று கேட்காத வீட்டுக்காரர் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் மாடியில் இரண்டு அறை, உப்புக்காற்றில் காரை உதிர்ந்த சுவர், குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். அதைப் பிடித்தாள். ஊர் என்ன சொல்லும் என்று அண்ணன் கோபித்துக்கொண்டு, சாமான் ஏற்றுகிற அன்றைக்கு வீட்டிலேயே இல்லாமல் போய்விட்டார். மதினி முத்துக்கனிதான் ஒரு பித்தளைக் குடத்தில் தண்ணீரும் பாலும் கொண்டுவந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் மனசில் வைத்துச் சொல்லவில்லை உமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உமாராணிக்கும் அவள்மேல் வருத்தம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே மணிச்சத்தம் கேட்டது. சுஜிதா ஜன்னலுக்கு ஓடினாள். முள்ளக்காட்டு வீட்டில் விட்டுவந்த அவளுடைய சைக்கிளை, செயினுக்கு எண்ணெய் போட்டு, புது டயர் மாட்டி, அவ்வளவு தூரம் வேல்ராஜே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் உயரத்துக்கு அது சின்னச் சைக்கிள். வேர்த்துக் கொட்டியது. சுவரோரம் நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி வந்தான். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ள வரலாமா?" என்று உமாராணியிடம் கேட்டான்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அவளிடம் அனுமதி கேட்டு எதுவும் செய்ததில்லை. சுஜிதா ஜன்னலோரத்தில் அசையாமல் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமாராணி அவசரப்படவில்லை. அடுப்பில் பொங்கிவந்த பாலை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, குனிந்து, உள்ளே வந்தான்.